நாற்பது பெட்டி எங்கே போச்சு?

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் நான் மூன்று இடங்களுக்குப் போய்வருவேன். சிவகாசியில் ஓர் அச்சகம், எங்கள் ஊர் எல்லையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அப்புறம் புளி வியாபாரம் பார்க்கும் ஒரு பாட்டியின் வீடு. அச்சகத்தில் காலண்டர் அட்டை வெட்டியதுபோக விழுகிற துண்டுகள் கிடைக்கும். தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்காத வெறுங்குச்சி. பாட்டியிடம் ஒரு படி புளியங்கொட்டை. சாத்தூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் 26 வருடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தேன். ஒரு வருடத்துக்கு என் வகுப்புக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி இந்த மூன்று பைகளில் அடங்கிவிடும்.

புளியங்கொட்டையிலிருந்து தொடங்குகிறேன். ஏழாம் வகுப்பில் முழுக்கள் வரும். மிகை எண், குறை எண், அவற்றைக் கூட்டுவது, கழிப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் படித்த மாதிரியே சொல்லிக்கொடுத்தேன்: இரண்டு கழித்தல் குறி சேர்ந்தால் கூட்டல். பிள்ளைகள் ஒப்பித்தார்கள். தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது, −3 − 5 என்ற கணக்குக்கு வகுப்பில் பாதிப் பேர் +8 என்று விடை எழுதியிருந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ரெண்டு கழித்தல் வந்திருக்கே டீச்சர், நீங்கதானே சொன்னீங்க” என்றான். அவன் மேல் தப்பே இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருந்தான்.

அதற்கு வழி கிடைத்தது எங்கள் தெருத் திண்ணையில். தாயம் ஆட உட்கார்ந்த சிறுமிகள் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் உரசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. சின்ன வயதில் நானும் எத்தனையோ கொட்டை உரசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் மனதில் பட்டது: வெள்ளை மிகை, கறுப்பு குறை. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம்.

இப்போது −3-இலிருந்து −5-ஐக் கழிக்க வேண்டும். தரையில் மூன்று கறுப்பு கிடக்கிறது. அதிலிருந்து ஐந்து கறுப்பை எடு என்றால் எப்படி எடுப்பது? நான் பதில் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் வகுப்பு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருப்பேன். ஒரு முறை முழுசாக ஒரு பாடவேளை போனது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். யாராவது ஒரு பிள்ளை கடைசியில் சொல்லிவிடும்: “டீச்சர், ரெண்டு ஜோடி உள்ள போட்டுக்கலாமா? ஜோடின்னா பூச்சியந்தானே, கணக்கு மாறாதே.” இரண்டு ஜோடி உள்ளே வந்ததும் கறுப்பு ஐந்து, வெள்ளை இரண்டு. ஐந்து கறுப்பை அள்ளி எடுத்தால் மிச்சம் இரண்டு வெள்ளை. விடை +2. −3 − 5-க்கும் இதே கொட்டைதான். அங்கே எடுக்க வேண்டியது ஐந்து வெள்ளை. ஐந்து ஜோடி போட்டு வெள்ளையை எடுத்துவிட்டால் எட்டுக் கறுப்பு மிஞ்சும். இதைச் செய்து பார்த்த பிள்ளை மறுபடி +8 என்று எழுதுவது அபூர்வம்.

முதல் இரண்டு வருடம் கறுப்பைக் ‘கடன்’ என்று சொல்லி நடத்தினேன். எல்லாப் புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. ஒரு நாள் “கடன் அஞ்சு இருக்கு, கையில மூணு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், முன் வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அந்த வாரம்தான் வட்டிக்காரர் அவள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஊருக்கே தெரியும். அதன் பிறகு என் வகுப்பில் கறுப்பு வெறும் கறுப்புதான்.

கொட்டை தயார் செய்வதில் சில நுணுக்கம் இருக்கிறது. வண்டு விழாமலிருக்க வெயிலில் நன்றாகக் காயப்போட வேண்டும். வறுக்கக் கூடாது. வறுத்தால் தோல் கழன்று இரண்டு பக்கமும் வெளுத்துவிடும், அப்புறம் அது மிகைக்கும் ஆகாது குறைக்கும் ஆகாது. உரசுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். ஆளுக்கு 20 கொட்டை. வராந்தா முழுக்க உட்கார்ந்து உரசுவார்கள். தான் உரசிய கொட்டையை எந்தப் பிள்ளையும் அலட்சியமாக வைப்பதில்லை. குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று ஓர் இளம் ஆசிரியை கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். அதன் பருப்பு கடும் விஷம். பிள்ளைகள் கையில் இருப்பது எதுவானாலும் ஒரு நாள் வாய்க்குப் போகும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவதற்குக் கொட்டை உதவாது. உதவுகிற மாதிரி வளைத்து நெளித்துச் செய்து காட்டலாம், நானும் காட்டியிருக்கிறேன், பிள்ளைகள் கண்ணில் குழப்பம்தான் தெரிந்தது. அங்கே கொட்டையை மூட்டை கட்டிவிட்டுக் கரும்பலகைக்குப் போய்விடுவேன். மூன்று முறை −4 என்றால் −12, இரண்டு முறை −8, ஒரு முறை −4, பூச்சியம் முறை 0. ஒவ்வொரு படியிலும் நான்கு கூடிக்கொண்டே வருகிறது. அடுத்த படி, அதாவது −1 முறை −4, என்ன என்று கேட்டால் வகுப்பே +4 என்று சொல்லும். பொருளுக்கு எல்லை எங்கே என்று தெரியாத ஆசிரியர் கையில் நல்ல பொருளும் கெட்டுப்போகும்.

அச்சகத் துண்டுக்கு வருகிறேன். பின்னத்துக்கு அட்டைப் பட்டை வெட்டுவது எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். நான் முதலில் கத்தரிக்கோலால் வெட்டினேன். மூன்றில் ஒரு பங்கு என்று வெட்டிய மூன்று துண்டை முழுப்பட்டை மேல் அடுக்கினால் ஒரு நூல் இடைவெளி விழுந்தது. “மூணு மூணில்-ஒண்ணு சேர்ந்தா ஒண்ணு வராது டீச்சர், கொஞ்சம் குறையும்” என்று ஒரு பையன் நோட்டில் எழுதியே வைத்துவிட்டான். கண்ணால் பார்த்ததைத்தானே அவன் எழுதினான்! பொருள் பொய் சொன்னால் பிள்ளை அந்தப் பொய்யைத்தான் கற்றுக்கொள்ளும். சிவகாசி அச்சகத்து அண்ணாச்சியிடம் போய் நின்றேன். “எத்தனை சென்டிமீட்டர் வேணும்னு எழுதிக் குடுங்க டீச்சர், மிஷின்ல போட்டுத் தாரேன்” என்றார். 24 சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். 24-ஐ 2, 3, 4, 6, 8, 12 என்று எதால் வெட்டினாலும் முழு சென்டிமீட்டர் வரும். ஐந்தில் ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் தனியாக 30 சென்டிமீட்டர் பட்டை. கட்டிங் மிஷினில் ஒரே வெட்டாக நூறு அட்டை இறங்கியபோது, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு மயிரிழை பிசகில்லை.

24 பட்டையைப் பதினாறாக மடிக்கவும் சொல்வேன். சரிபாதி, அதில் சரிபாதி, அதில் சரிபாதி, அதிலும் சரிபாதி. அரை, கால், அரைக்கால், வீசம். நம் மொழியில் பின்னப் பெருக்கல் வார்த்தைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கால் பங்கில் அரையை எடுத்தால் அரைக்கால், அதுதான் எட்டில் ஒன்று. இதைச் சொன்னதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு 26 வருடம் வேலை பார்க்கலாம். ‘முக்காலே மூணு வீசம் முடிஞ்சுபோச்சு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது எவ்வளவு என்று பட்டையில் காட்டச் சொல்வேன். முக்கால் என்பது 12 வீசம், அதோடு மூன்று வீசம், ஆக 15 வீசம். ஒன்று முழுசாக இன்னும் ஒரே ஒரு மடிப்புதான் பாக்கி.

பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்போதும் முரட்டுக் கணக்கு. தலைகீழாக்கிப் பெருக்கு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், மதிப்பெண்ணும் வந்துவிடும். எதற்காகத் தலைகீழாக்குகிறோம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளையின் பாட்டி வீட்டிலிருந்து பழைய பித்தளைப் படியும் ஆழாக்கும் இரவல் வாங்கி வந்தேன். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. நாலு ஆழாக்கு உரி, ரெண்டு ஆழாக்கு உழக்கு. முக்கால் படி அரிசியைத் தட்டில் கொட்டி, “இதுல எத்தனை ஆழாக்கு?” என்று கேட்டேன். அளந்தார்கள். ஆறு. அதைத்தான் கரும்பலகையில் 3/4 ÷ 1/8 = 6 என்று எழுதினேன். ஒரு படிக்கு எட்டு என்றால் முக்கால் படிக்கு எட்டில் முக்கால். வகுத்தல் எப்படிப் பெருக்கலாக மாறியது என்பதை அரிசி காட்டிக்கொடுத்துவிட்டது. சத்துணவுக்கூடத்து அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “இதைத்தான் நாங்க தினமும் செய்யிறோம், இதுக்கு இம்புட்டு எழுத்தா?” என்றார்.

காகித மடிப்பைப் பற்றிப் பேசும்போது ஒருவர் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. சுந்தர ராவ் என்ற நம் நாட்டுக்காரர் வடிவியல் பாடங்களை வெறும் காகித மடிப்பாலேயே விளக்கி 1893-இல் சென்னையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதை எடுத்துப் பேச, 1901-இல் சிகாகோவில் அது மறுபதிப்பாக வந்தது. அமெரிக்க ஆசிரியர்கள் கையில் புழங்கிய அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு என் பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. சதுரக் காகிதத்தை மேலிருந்து கீழாக நடுக்கோடு விழும்படி மடித்து விரி. கீழ் வலது மூலையைத் தூக்கி, கீழ் இடது மூலை வழியாக மடிப்பு விழும்படி, நடுக்கோட்டின் மேல் வை. கீழ் விளிம்புக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் 60 பாகை நிற்கும். அதற்குக் கோணமானியும் வேண்டாம், கவராயமும் வேண்டாம். அரசு தருகிற ஜாமெட்ரி பெட்டியில் கவராயம் கழன்றுபோன பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆணிப்பலகையில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ரப்பர் பேண்டை மாட்டி வடிவங்கள் செய்வது. தச்சரிடம் சொல்லி ஒன்றரை அடிப் பலகை பத்து வாங்கினேன். கையில் கிடைத்த நீள ஆணியை அடித்தேன். ரப்பர் பேண்டை இஷ்டத்துக்கு இழுக்க விட்டேன். மூன்றாம் நாள் ஒரு பேண்டு அறுந்து எதிரே இருந்த பையனின் கண்ணுக்குக் கீழே அடித்தது. அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் என் தவறு என்று சொன்னேன். மறுநாள் ஆணிகளையெல்லாம் பிடுங்கி, முக்கால் அங்குல ஆணியாக மாற்றினேன். ரப்பர் பேண்டுக்குப் பதில் உல்லன் நூல். நூல் இழுபடாது, முடிச்சுப் போட்டுச் சுற்ற நேரமாகும், ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகள் ஆணியை எண்ணத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் ஒரு நல்ல விஷயம் பிறந்தது. உள்ளே ஆணி அகப்படாத வடிவமாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், “ஓரத்துல ரெண்டு ஆணி கூடுனா பரப்பு ஒண்ணு கூடுது டீச்சர்” என்றாள். ஓரத்து ஆணியில் பாதியை எடுத்து, அதில் ஒன்றைக் கழித்தால் பரப்பு. உள்ளே ஆணி இருந்தால் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணித உலகத்தில் இதற்குப் பிக் தேற்றம் என்று பெயர். ஜார்ஜ் பிக் 1899-இல் வெளியிட்டது. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயரைப் பிறகுதான் சொன்னேன். முதல் ஒரு வாரம் அது அவள் பெயரிலேயே வகுப்பில் இருந்தது.

குச்சிக்கும் ஒரு முன்னோடி உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972-இல் தொடங்கியது. அங்கே வந்து சேர்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர் அர்விந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் கோத்து வடிவங்கள் செய்துகாட்டினார். முக்கோணத்தை அழுத்தினால் நிற்கும், சதுரத்தை அழுத்தினால் சாய்ந்து சாய்சதுரமாகும். ஏன் செல்போன் கோபுரம் முழுக்க முக்கோணமாக இருக்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. குச்சிக்கு எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்த பிறகு இங்கே பல காலம் வீட்டுக்கு வீடு குச்சியும் பெட்டியுமாகத்தான் இருந்தது. வால்டியூபுக்குத்தான் தட்டுப்பாடு வந்தது. பழைய சைக்கிள் கடைகள் மூடிய பிறகு சாத்தூர் முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. ஊறவைத்த கொண்டைக்கடலையில் குச்சியைக் குத்திச் செய்தோம். ஒரு நாள்தான் தாங்கும், ஆனால் கனசதுரத்துக்கு எட்டு முனை, பன்னிரண்டு விளிம்பு என்று எண்ண ஒரு நாள் போதும்.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், அருமையான கணித உபகரணப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பிளாஸ்டிக் கனசதுரங்கள், பின்னத் தட்டுகள், இரண்டு நிற வில்லைகள், எல்லாம் நேர்த்தியாக இருந்தன. வந்த அன்றே பீரோவுக்குள் போனது. சாவி கேட்டால், “ஒண்ணு தொலைஞ்சா யார் பதில் சொல்றது?” என்ற கேள்விதான் வரும். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் இருந்தது. ஒருவழியாகக் கெஞ்சி வாங்கி ஒரு வாரம் பயன்படுத்தினேன். மூன்று வில்லை காணாமல் போயின. எழுத்து மூலமாக விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. பயந்த ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்தப் பயம் தெரியும். ஆனால் பிள்ளைகள் தொடுவதற்காகச் செய்த பொருளைத் தொலைக்கவும் உடைக்கவும் அனுமதி வேண்டும், அதைப் பதிவேட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மேலதிகாரிகளிடம் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்டேன். புளியங்கொட்டையை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற முடியாது என்பதும் அதை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம்.

எண்ணிக்கையும் முக்கியம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் கையில் ஒரே ஒரு மாதிரி இருந்தால் அது கண்காட்சி. பின்வரிசைப் பிள்ளைக்கு அது ஒரு புள்ளி. இரண்டு பேருக்கு ஒரு செட் என்பது என் கணக்கு. நான்கு பேருக்கு ஒன்று கொடுத்தால் இரண்டு பேர் செய்வார்கள், ஒருவர் வேடிக்கை பார்ப்பார், ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார்.

தீப்பெட்டிக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் முற்றொருமைகள். ஏ கூட்டல் பி முழுவதன் வர்க்கம். எத்தனை முறை நடத்தினாலும் பிள்ளைகள் ஏ வர்க்கம் கூட்டல் பி வர்க்கம் என்று நிறுத்திவிடுவார்கள். நடுவில் வர வேண்டியது காணாமல் போய்விடும். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் பெண்கள் வீட்டிலேயே பெட்டி ஒட்டுவார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸுக்கு 144 பெட்டி என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பள்ளி விட்டுப் போய் அவர்களும் அம்மாவுக்கு ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு குரோஸ் காலிப்பெட்டி கொண்டுவரச் சொன்னேன். வராந்தாவில் 12 வரிசை, வரிசைக்கு 12 என்று அடுக்கினார்கள். “பன்னிரண்டைப் பத்து கூட்டல் ரெண்டுன்னு பிரிச்சு வர்க்கம் பண்ணுங்க” என்றேன். ஒருவன் எழுந்து, “பத்து வர்க்கம் நூறு, ரெண்டு வர்க்கம் நாலு, நூத்தி நாலு” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்திருந்த பெண்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

“குரோஸுன்னா நூத்தி நாப்பத்துநாலுல? மீதி நாப்பது பெட்டி எங்க போச்சு? எங்கம்மா கூலியில பிடிச்சுக்கிருவீகளா?”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பத்துக்குப் பத்தாக ஒரு பகுதியைப் பிரித்தார்கள். மூலையில் இரண்டுக்கு இரண்டாக நாலு பெட்டி. வலது பக்கம் ஒரு பட்டை, பத்துக்கு இரண்டு. கீழே ஒரு பட்டை, இரண்டுக்குப் பத்து. இருபதும் இருபதும் நாற்பது. காணாமல் போன பெட்டிகள் அங்கேதான் இருந்தன. அந்த வகுப்பில் அந்த வருடம் நடு உறுப்பை விட்டவர் ஒருவர்கூட இல்லை.

சாயங்காலம் பெற்றோர் கூட்டம் இருந்தது. பெட்டிகளை எடுத்து வைக்காமல் அப்படியே விட்டிருந்தோம். அந்தப் பெண்ணின் அம்மா வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், விரல் நுனியில் பசை காய்ந்திருந்தது. வராந்தாவில் கிடந்ததை ஒரு பார்வை பார்த்து, “ஒரு குரோஸ் சரியா இருக்கு” என்றார், எண்ணாமலே. அப்புறம், “இதென்ன, மூலையில நாலு மட்டும் தனியாக் கிடக்கு?” என்று மகளிடம் கேட்டார். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து நூறு, இருபது, இருபது, நாலு என்று தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்ப பதினஞ்சுக்குப் பதினஞ்சு வச்சா?”

மகள் விரலால் தரையில் கோடு போட்டாள். பத்துக்குப் பத்து நூறு. அம்பது, அம்பது. மூலையில் இருபத்தஞ்சு. இருநூத்தி இருபத்தஞ்சு.

“அடுக்கிப் பாப்போம்” என்றார் அம்மா.

“பெட்டி பத்தாதும்மா. இன்னும் எண்பத்தொண்ணு வேணும்.”

அவர் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். “வீட்ல ஒட்டிக் காயப்போட்டுருக்கேன் டீச்சர், எடுத்துட்டு வந்துரட்டா?”